தேக்காவிலிருந்து இரண்டு நிறுத்தம்

தேக்காவில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கிளார்க் கீ. நடுவில் தோபி காட் மட்டும். சில நிமிடங்களில் போய்விடலாம். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆண்டுகளில் வாரத்துக்கு நாலு தடவையாவது அந்தத் தடத்தில் போய்வந்திருப்பேன். அலுவலகம் ஆற்றங்கரைப் பக்கம். கறிவேப்பிலை, மல்லிகைப்பூ, ஊர்ச் செய்தி எல்லாம் தேக்காவில். என் சித்தப்பா மகனும் அதே நகரத்தில் எட்டு வருஷம் இருந்தான். துவாஸில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிறு தவறாமல் தேக்காவுக்கு வருவான். அந்த எட்டு வருஷத்தில் கிளார்க் கீக்கு அவன் வந்தது ஒரே ஒரு தடவை. 2018-இல், ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவுசெய்த பிறகு. நகரத்து இரவுகளைப் பற்றி, குடிக்கிற இடங்களையும் ஆடுகிற இடங்களையும் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் முன்னால் வந்து நிற்கிறது.

அதற்கு முன் தேக்காவின் ஞாயிறைச் சொல்ல வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் நிலையத்தின் நகரும் படியில் ஏறி வெளியே வரும்போதே காதுக்கு ஊர் மாறிவிடும். புதுக்கோட்டைப் பேச்சு, அரியலூர்ப் பேச்சு, ராமநாதபுரப் பேச்சு, இடையிடையே வங்காளம். கண்ணுக்கெட்டிய வரை ஆண்கள். ஆரம்பத்தில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பேன். மூன்றாவது நாலாவது வாரத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது: “அக்கா வர்றாங்க, வழி விடுங்கடா.” கூட்டம் ஒதுங்கியது. அன்றைக்குப் பிறகு பையைத் தோளில் தொங்கவிட்டபடியே நடந்தேன்.

ஆறு நாள் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தவர்கள், ஏழாவது நாள் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள். ஊருக்குப் பணம் போடுவது, முடி வெட்டிக்கொள்வது, போனுக்குக் காசு ஏற்றுவது, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு. இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. மிச்சப் பொழுது முழுக்க ஊர்க்காரனைப் பார்ப்பதற்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் இடம் இருந்தது. ஒரத்தநாட்டுக்காரர்கள் எங்கே இருப்பார்கள், திருமயத்துக்காரர்கள் எந்த முக்கில் நிற்பார்கள் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய புல்தரையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பிரித்துவைத்த பிளாஸ்டிக் பையில் மிக்சர், பொரித்த கோழி, பீர் டப்பாக்கள். யாராவது ஊர்த் திருவிழா வீடியோவைக் காட்டுவார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும். அன்றைய டப்பாக்கள் அவர் செலவு. பார் என்று எந்தப் பலகையும் இல்லையென்றாலும், ஒரு நல்ல பாரில் மனிதருக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் அங்கே கிடைத்தது. கூரையும் நாற்காலியும்தான் இல்லை.

கூரையும் நாற்காலியும் என்ன விலை என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் 2014 முதல் பீரில் இருக்கும் ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 330 மில்லி டப்பா, 5 விழுக்காடு என்றால் தீர்வை ஏறக்குறைய ஒரு வெள்ளி. அதே அளவு பீரைப் பெட்டிக்கடையில் வாங்கினாலும் கிளார்க் கீயில் கண்ணாடிக் கோப்பையில் வாங்கினாலும் அரசுக்குப் போகும் அந்த வெள்ளி ஒன்றுதான். ஆனால் ஆற்றங்கரையில் அப்போது ஒரு பெரிய கோப்பை பீர் 15 வெள்ளி, 18 வெள்ளி. மேலே சேவைக் கட்டணம், வரி. அந்த மிச்சக் காசெல்லாம் வாடகைக்கும் விளக்குக்கும் பாட்டுக்கும், இன்னும் இரண்டு மணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்ற உரிமைக்கும் கொடுப்பது. என் தம்பி வந்த புதிதில் அவனுடைய அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்கவே முதல் ஒன்றரை வருஷம் போயிற்று.

நான் குடியைப் போற்றி எழுதவில்லை. குடியால் கணவனை இழந்த பெண்களின் நடுவேதான் வளர்ந்தேன். தமிழ்க் கூலிகள் வந்திறங்கிய இந்தக் கரைகளில் குடி அவர்களை எப்படி அரித்தது என்பதும் தெரிந்த கதைதான். மலாயாவின் தோட்டங்களில் கூலி வரிசைகளுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. கொடுத்த கூலி அதே தோட்டத்துக்குள் திரும்பி வந்தது. 1946, 47-இல் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்று இளைஞர்கள் அணி திரண்டு அந்தக் கடைகளின் முன் மறியல் செய்தார்கள். சிங்கப்பூரில் அரசே நடத்திய கள்ளுக்கடைகள் 1970களின் கடைசி வரை இருந்தன. அந்த மறியல்காரர்கள்மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் தோட்டத்தில் தன் ஆட்களைக் காப்பாற்றத் தானே எழுந்து மறியல் செய்தவனும், வேறு யாரோ எழுதிய விதிக்குக் கீழ்ப்பட்டுப் புல்தரையிலிருந்து எழுந்து போகிறவனும் ஒரே நிலையில் இல்லை.

அந்த விதிக்குக் காரணமான நாள் 2013 டிசம்பர் 8, ஞாயிறு. தேக்காவில் இரவு ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் இடமில்லை என்று இறக்கிவிடப்பட்ட ஒருவர் அந்தப் பேருந்தின் பக்கவாட்டிலேயே நடந்து வந்தார், தடுமாறி விழுந்தார், பின்சக்கரத்தில் சிக்கினார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், வயது 33. குடித்திருந்தார். அவரைப் பேருந்துக்கு அடியிலிருந்து எடுப்பதற்குள் நூற்றுக்கணக்கானோர் திரண்டுவிட்டார்கள். கல் பறந்தது. ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கலவரம் காணாத நகரம் திகைத்துப் போயிற்று. தம்பி அன்று முன்பேருந்திலேயே போய்விட்டிருந்தான். மணி பதினொன்றுக்கு அவன் குரலைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

இருபத்தைந்து பேர்மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2014 ஜூனில் வந்தது. விபத்தும் அதைப் பற்றிய தவறான புரிதலும் தீயை மூட்டின, மது அதைக் கூட்டியது, வேலை நிலைமைமீதான அதிருப்தி காரணமில்லை என்பது அதன் சாரம். மது ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. புல்தரையில் எட்டு மணிக்கு மேல் நிலை தவறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால், கண்முன்னே தன் ஊர்க்காரன் சக்கரத்தடியில் கிடக்கும்போது மனிதருக்கு வரும் பதற்றத்தை எந்தச் சட்டத்தாலும் பூட்ட முடியாது; பீர்க் கடையைப் பூட்டலாம். அடுத்த வாரக் கடைசியிலேயே அந்த வட்டாரம் முழுக்க மது விற்பனையும் அருந்துதலும் நிறுத்தப்பட்டன. 2015 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் புதிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் யாரும் குடிக்கக் கூடாது. கடைகளும் எடுத்துச்செல்ல விற்கக் கூடாது. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் மட்டும் தனி விதி: சனிக்கிழமை காலை ஏழு மணி தொடங்கித் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரை, முழு நாற்பத்தெட்டு மணி நேரம், பொது இடத்தில் ஒரு மிடறுகூட இல்லை. மற்ற இடத்தில் மீறினால் அபராதம் 1,000 வெள்ளி வரை. இங்கே தண்டனை ஒன்றரை மடங்கு.

தேக்காவின் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மாடிப்படியில் வாந்தி, கீழ்த்தளத்தில் உறங்கிக் கிடப்பவர்கள், திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் குழந்தை தாண்டிப் போக வேண்டிய டப்பாக்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி பல வருஷம் ஞாயிறு மாலையில் கதவைத் திறந்ததில்லை. அவரிடம் நான் தொழிலாளியின் உரிமையைப் பேசியிருந்தால், உன் வீட்டு வாசலில் நடந்தால் தெரியும் என்றிருப்பார். உண்மைதான். ஒரு லட்சம் பேர் இளைப்பாற வேண்டிய நாளுக்கு அந்த நகரம் ஒதுக்கிய இடம் சில தெருக்களும் ஒரு புல்தரையும். அந்த நெருக்கடியில் பாட்டியும் பாவம், படியில் சரிந்து கிடந்தவனும் பாவம்.

இப்போது ஆற்றங்கரைக்கு வருகிறேன். போட் கீயிலும் கிளார்க் கீயிலும் வரிசையாக நிற்கும் பார்களும் கிளப்புகளும் பழைய சரக்குக் கிட்டங்கிகள். ஓட்டுக் கூரை, தடித்த சுவர், அகன்ற மரக் கதவு. தொடக்க காலத்தில் இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், சூலியாக்கள். போட் கீயிலிருந்து கூப்பிடு தூரத்தில் சூலியா ஸ்திரீட் இன்னும் இருக்கிறது. பிறகு படகுத் தொழில் சீனர் கைக்குப் போயிற்று. சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய மார்க்கெட் ஸ்திரீட் நம்மவர் வாயில் செட்டித் தெரு. அங்கே நகரத்தார் கிட்டங்கிகளில் ஆளுக்கொரு பெட்டியும் தாழ்வான மேசையும் போட்டுத் தரையில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்தார்கள். இரவில் அதே பெட்டியோரம் பாய் விரித்துப் படுத்தார்கள். கிட்டங்கி என்ற சொல்லே அந்தக் கரையில் சரக்குக்கும் மனிதருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

1977-இல் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியது, பத்தாண்டு நடந்தது. 1983-இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. நாற்றம் போயிற்று, மீன் திரும்பியது. இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் கிட்டங்கிகள் காலியாகின. 1989-இல் போட் கீ பாதுகாக்கப்படும் பகுதியாயிற்று; 1993-இல் கிளார்க் கீ உணவும் உல்லாசமுமாகத் திறந்தது. சற்று மேலே ஜியாக் கிம் ஸ்திரீட்டில் மூன்று பழைய கிட்டங்கிகளில் 1991-இல் பிறந்த ஸூக் கிளப், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிளார்க் கீக்கே குடிவந்தது. புதன்கிழமைகளில் அங்கே நடந்துவந்த மாம்போ ஜாம்போ ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது என் அலுவலகத் தோழிகளின் முகம் மலரும். முன்பின் தெரியாத நூறு பேர் ஒரே கையசைவில் ஆடுவார்கள். ஒரு தலைமுறையே அங்கேதான் இளமையைக் கழித்தது. வேறொரு கிளப்புக்கு, பெண்களுக்குக் கட்டணமில்லாத புதன்கிழமை ஒன்றில், நானும் போனேன். முதல் அரைமணி நேரம் கூச்சம். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. மன்னார்குடிப் பக்கத்தில் ஏழு மணிக்கு மேல் தெருமுனைக்குப் போகவே காரணம் சொல்ல வேண்டியிருந்த பெண், இரவு ஒரு மணிக்குத் தனியாக டாக்சி பிடித்து வீடு திரும்பினேன். அந்த நகரம் எனக்குக் கொடுத்த இரவு அது. அதற்கு நான் நன்றியுள்ளவள். கட்டணமில்லாமல் நான் நுழைந்த அந்த வாசலில் என் தம்பி நின்றிருந்தால் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் எடுத்து நீட்டியிருக்க வேண்டும். செருப்புக் காலோடு வந்திருந்தால் அதுவும் பயன்பட்டிருக்காது.

தமிழ்ப் பாட்டுக் கிளப்புகளும் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு பிரிவுபசார விருந்துக்காகப் போயிருக்கிறேன். மேடையில் வரிசையாகப் பெண்கள். பின்னால் கீபோர்டும் தாளமும். பிடித்த பாட்டைப் பாடச் சொல்லலாம். பாடுகிறவருக்கு மாலை போட வேண்டுமென்றால் கவுண்டரில் காசு கட்ட வேண்டும். ஐம்பது வெள்ளியில் தொடங்கி மேலே போய்க்கொண்டே இருக்கும் விலை. பணியாள் மாலையைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கழுத்தில் போடுவார்; பாட்டு முடிந்ததும் அதே மாலை கவுண்டருக்குத் திரும்பும். அந்தப் பெண்களுக்கான கலைஞர் அனுமதி அப்போது ஆறு மாதம் மட்டும். மூலை மேசையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள். இரண்டு முறை மாலை போட்டார். அந்தப் பெண் மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. எட்டு மாதமோ பத்து மாதமோ தன் பெயரை ஒரு பெண் குரலில் போனில் மட்டுமே கேட்டவர். கூரைக்குப் பிறகு, தன் பெயர் உரக்கச் சொல்லப்படுவதற்கும் அந்த இரவில் ஒரு விலை இருந்தது.

தேக்காவிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தும் போகலாம். வருஷத்துக்கு ஒரு நாள் நம்மவர்கள் அப்படித்தான் போகிறார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் புறப்படும் பால்குடமும் காவடியும் வந்து சேர்வது டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859-இல் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலுக்கு. கிளார்க் கீ அங்கிருந்து சில நிமிட நடை. முதல் பால்குடங்கள் நள்ளிரவை ஒட்டியே கிளம்பிவிடும். கிளப்புகளிலிருந்து தாளம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில், நெற்றி நிறைய நீறும் கையில் குடமுமாக அவர்கள் அந்தப் பக்கம் வருவார்கள். 1973-இல் இந்த ஊர்வலத்தில் வாத்தியங்கள் நிறுத்தப்பட்டன. 2016-இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு வருஷம் நானும் பால்குடம் எடுத்தேன். மேளமில்லாத நீண்ட நடையில் வாய்விட்டு வேல் வேல் என்று சொல்லிக்கொண்டே போனது இன்னும் தொண்டையில் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தம்பிக்கு அடுத்த வாரம் விமானம். தேக்காவில் சாப்பிட்டோம். “ஒரு நாளாவது ஆத்தங்கரையப் பாத்துட்டுப் போடா,” என்று கூட்டிப்போனேன். கிளார்க் கீயின் நடுச் சந்தியில், மேலே கவிந்திருந்த பெரிய குடை வடிவக் கூரைகளின் கீழே நின்றான். பாட்டு நாலு பக்கமிருந்தும் மோதியது. சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து விளக்குகளைப் படமெடுத்தார்கள். தம்பியும் அண்ணாந்துதான் பார்த்தான். அவன் பார்த்தது இரும்புத் தூணின் கிளைகள் சேரும் இடத்தை.

“ஓவர்ஹெட் வெல்டுக்கா. மேல பாத்துட்டே போடணும். கழுத்து போயிடும்.”

ஒரு பாரில் உட்காரலாம் என்றேன். வாசலில் இருந்த விலைப்பட்டியலை நின்று முழுக்கப் படித்தான். காசு நான் கொடுக்கிறேன் என்று சொன்னதும் முகம் சுருங்கியது. “வேணாங்க்கா. இங்க உக்காந்தா எனக்குப் பேச்சு வராது.” அருகிலிருந்த கடையில் இரண்டு டப்பா பீர் அவனும் ஒரு எலுமிச்சைத் தேநீர் நானும் வாங்கிக்கொண்டு ரீட் பாலத்துக்குப் போனோம். 1889-இல் கட்டிய பாலம். அந்தக் காலத்தில் படகுக்காரர்களும் கூலிகளும் வேலை முடிந்து மாலையில் இங்கேதான் கூடுவார்களாம். கதைசொல்லி ஒருவர் ஊதுவத்தியைக் கொளுத்திவைத்து தியோசூ மொழியில் பழங்கதை சொல்வார். வத்தி எரிந்து முடிந்தால் ஆளுக்குக் கொஞ்சம் காசு. மேலும் கேட்க வேண்டுமானால் அடுத்த வத்தி. தம்பியிடம் இதைச் சொன்னேன். ரசித்துக் கேட்டான். “நம்ம ஊர்ல கோயில் திடல்ல கதை சொல்ற மாதிரி,” என்றான்.

பாலத்தின் கற்படியில் எங்களைப் போலவே பலர் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர்கள், வெள்ளைக்காரப் பயணிகள், வேலை முடிந்த சமையல்காரர்கள். தம்பி முதல் டப்பாவைத் திறக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்தான். நான் கையைக் காட்டினேன்: இங்கே குற்றமில்லை, பத்தரை வரைக்கும். அதே மனிதன், அதே டப்பா, அதே ராத்திரி, இரண்டு நிறுத்தம் தள்ளி என்றால் குற்றம். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். எட்டு வருஷத்தில் என்னிடம் சொல்லாததெல்லாம் வந்தது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன் ராத்திரியில் அழுவது, கப்பலின் அடிவயிற்றுத் தொட்டிக்குள் முதல் நாள் இறங்கியபோது மூச்சு முட்டியது, சித்தப்பா இறந்த செய்தி வந்த அன்று வேலையை முடிக்காமல் விடமாட்டேன் என்ற மேற்பார்வையாளர். நான் அந்த நகரத்தில்தான் இருந்தேன். கூப்பிட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேன். “சொல்றதுக்கு எடம் வேணும்லக்கா,” என்றான்.

ஆற்றின் இரு கரையிலும் விளக்குகள் தண்ணீரில் விழுந்து அசைந்தன. இரண்டாவது டப்பாவைத் திறந்தபோது மணி பத்தே கால். அதன் பிறகு பேச்சுக்கு நடுவே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, “பத்து இருபத்தாறுக்கா,” என்றான். மிச்சத்தை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். டப்பாவைக் கையில் நசுக்கி, படிக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். பக்கத்தில் இருந்த மாணவர்களும் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார்கள். எதிரே கிட்டங்கிகளில் பாட்டின் சத்தத்தை அப்போதுதான் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். நிலையத்தை நோக்கி நடந்தோம். சித்தப்பாவின் கதையை அவன் மறுபடி எடுக்கவில்லை.